மந்திரம் இல்லாத கலியாணத்தில் நான் மைக் பிடித்த கதை

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கொரு பிளாஸ்டிக் சாமான் கடை இருக்கிறது. வாளி, கோப்பை, கதிரை, பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் என்று வாசல் வரைக்கும் தொங்கும். ஆனால் ஊரில் யாரும் என்னை வாளிக்கடைக்காரன் என்று சொல்வதில்லை. மைக்காரன் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கிரிக்கெட் இறுதியாட்டம், பாராட்டு விழா, பாலர் பாடசாலைக் கலைவிழா, எதுவென்றாலும் கூப்பிடுவார்கள். நானும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றது. மிச்சத்தையெல்லாம் சனங்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். சந்தையில் ஒருத்தி பேரம் பேசும்போது விடுகிற சொல், பஸ்ஸில் பின் இருக்கைக்காரர் மருமகனைத் திட்டுகிற சொல், எல்லாம் என் சேமிப்பு. எந்த மேடையிலும் மூன்று பழமொழியாவது சொல்லாமல் நான் இறங்கியது கிடையாது. கேட்கிறவர்கள் எத்தனை பேர் அதற்கு முன்பே இறங்கிப் போனார்கள் என்பதை நான் கணக்கெடுத்ததில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒரு நாள் மத்தியானம் வந்து நின்றாள். பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல என்னை நாநா என்றுதான் கூப்பிடுவாள்.

“நாநா, எனக்குக் கலியாணம்.”

“மாஷா அல்லாஹ்! எந்தக் கோயில்ல புள்ள?”

“கோயில்ல இல்ல. ஐயரும் இல்ல, தாலியும் இல்ல. எழுத்து மட்டும்தான். ரெஜிஸ்தார் மண்டபத்துக்கே வருவார். கையெழுத்து, மாலை மாத்துறது, சாப்பாடு. அவ்வளவுதான்.”

“அப்ப நான் என்னத்துக்கு?”

“யாராவது நடத்தணுமே நாநா. மந்திரம், மேளம் எண்டு ஒண்டும் இல்லாட்டி, எப்ப எழும்புறது, எப்ப இருக்கிறது, எப்ப சாப்பிடப் போறது எண்டு தெரியாம சனம் முழிக்கும். நீங்க கதைச்சு நடத்தித் தரணும்.”

நான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன். “வீட்டுக்குத் தெரியுமா?”

அவள் சிரித்தாள். “ஓடிப்போற ஆள் மண்டபம் எடுத்து, ஸ்பீக்கர் போட்டா ஓடும்?”

காரணத்தை அதற்குப் பிறகுதான் சொன்னாள். மாப்பிள்ளை நாவிதன்வெளிப் பக்கம் வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர். அவருக்குச் சாமி நம்பிக்கை இல்லை. அது அவருடைய காரணம். இவளுடைய காரணம் அம்மா.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் கருவாடு விற்கிறவர். கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கிறவர்களை, “மோந்து பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன பூக்கடையா?” என்று அவர் கேட்டால் வாங்காமல் போக யாருக்கும் துணிவு வராது. அவருடைய மனுஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதபோது இந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து சொந்தக்காரர்களின் கலியாண வீடுகளில் அம்மாவின் இடம் குசினிதான். வெங்காயம் உரிப்பார். தாலி கட்டுகிற நேரம் சுவரோடு நிற்பார்.

“சித்தி மகள்ட கலியாணத்தில அம்மா தெரியாம பூத்தட்டைத் தூக்கிட்டா. ஒருத்தி வந்து, ‘நீங்க விடுங்கோ’ எண்டு கையில இருந்து வாங்கிட்டா. அம்மா சிரிச்சா நாநா. அழுதிருந்தா எனக்குப் பரவாயில்ல. சிரிச்சா.”

வாளி கேட்டு வந்த ஒருவரைப் பிறகு வரச் சொன்னேன்.

“என்ட கலியாணத்தில மாலைய எடுத்துத் தாறது அம்மாதான். ஐயரை வெச்சு, முறை வெச்சு அதைச் செய்ய ஏலாது. முறையே இல்லாட்டி யாரு தடுக்கிறது?”

“அம்மா ஓமெண்டுட்டாவா?”

“எழுத்துக்கு ஓமெண்டுட்டா. மாலைக்கு, ‘பாப்பம்’ எண்டா.”

பாப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். “அதுதான் நாநா, நீங்க மைக்கில நல்லாக் கதைச்சா அம்மா முன்னுக்கு வந்துடுவா. உங்கட வாய்க்கு மசியாத ஆள் இருக்கா?”

இந்தக் கடைசி வசனத்தில்தான் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டிருந்தாலும் ஓமென்றிருப்பேன்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். அவருக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. கடவுள் என்று சொல்லக்கூடாது, விதி என்று சொல்லக்கூடாது, நல்ல நேரம் என்று சொல்லக்கூடாது. “மற்றபடி நீங்க என்னவும் கதைக்கலாம் நாநா,” என்றார். சமுத்திரத்தையே எழுதித் தருகிறேன், தண்ணீரை மட்டும் தொடாதீர்கள் என்பது போல இருந்தது.

அன்று கடையைப் பூட்டியதும் என் சேமிப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன். தாரமும் குருவும் தலையில் எழுதினபடி. அது விதி, வெட்டு. கலியாணம் சொர்க்கத்தில் நிச்சயமாகிறது. அது கடவுளின் எல்லை, வெட்டு. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய். உண்மை சொல்கிறோம் என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில், ரெஜிஸ்தாரை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். கல்லானாலும் கணவன். அந்த அம்மா இருக்கிற மண்டபத்தில் அதைச் சொல்ல நாக்கு வேண்டுமே. தாயைப் போல பிள்ளை. ஐயோ, அது இன்னும் மோசம். இருபது வருடம் கலியாணப் பழமொழி சேர்த்தவன் கையில் கடைசியில் மிஞ்சியது, வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது மட்டும்தான். அது கலியாணத்துக்கு உதவாது. மேசன்மாரின் கூட்டத்துக்குத்தான் உதவும்.

வீட்டில் மனைவியை இருத்தி ஒத்திகை பார்த்தேன். தொண்டையைச் செருமி வாயைத் திறந்தவுடனே பிஸ்மில்லாஹ் வந்துவிட்டது. மறுபடி தொடங்கினேன். இரண்டு வசனம் தாண்டவில்லை, இன்ஷா அல்லாஹ் வந்துவிட்டது.

“மகள்ட வாப்பா,” என்றாள் மனைவி, “இன்ஷா அல்லாஹ் செல்லாம நீங்க மீன் வாங்கக்கூடப் போறல்லியே. அந்த மாப்பிள்ள உங்கள எப்படிப் பிடிச்சார்?”

“நான் நல்லாக் கதைப்பனாம்.”

“யாரு சொன்ன?”

“பொண்ணு.”

“பாவம், சின்னப் புள்ள,” என்றாள்.

பிறகு அவளே யோசித்துவிட்டு, “அந்தப் புள்ளைக்கு ஒரு நன்மை இரிக்கு. கலியாணம் நடக்கிற இடத்தில அவளே இரிப்பாள்,” என்றாள். எங்கள் காவினை, அந்த நிக்காஹ் நாளை நினைத்துச் சொல்கிறாள் என்று விளங்கியது. அன்று அவள் அறைக்குள் இருந்தாள். நான் வெளியே பாயில் இருந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். மாமாவின் கை வியர்த்திருந்தது மட்டும் இன்றைக்கும் ஞாபகம். “அப்ப நான் கட்டினது உன்ட வாப்பாவையா உன்னையா?” என்று அவளைச் சீண்டினேன். “சத்தம் போட்டு ஒத்துக்கொண்டது வாப்பாட்ட. பேச்சுக் கேக்கிறது என்னிட்ட,” என்றாள்.

பள்ளிவாசல் படியில் ஒரு கூட்டாளி பிடித்துக்கொண்டான். “நீ கலியாணம் முடிச்சு வைக்கப் போறியாமே? எப்ப இருந்து ஐயராகினா?”

“நான் ஐயரும் இல்ல, மௌலவியும் இல்ல. வெறும் மைக்.”

“எங்கட ஆக்களுக்கும் இப்படிச் செய்யேலுமா?”

“எங்களுக்கு வேற சட்டம், வேற ரெஜிஸ்தார். உனக்கு என்னத்துக்கு? நீ இருக்கிற ஒரு பொஞ்சாதியையே சமாளிக்கிறாய் இல்ல,” என்று சொல்லித் தப்பினேன்.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பாண்டிருப்புப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். பெண் வீட்டார், நாவிதன்வெளியிலிருந்து வான் வண்டி பிடித்து வந்த மாப்பிள்ளை வீட்டார், சந்தைக்காரர்கள், என் மனைவி. முன்னால் ஒரு மேசை, அதன் ஒரு பக்கம் ரெஜிஸ்தார். ஒடிசலான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் துணிப்பை. பெரிய புத்தகத்தை விரித்து, பேனையைச் சரிபார்த்து, என்னைப் பார்த்து, “எவ்வளவு நேரம் கதைப்பீங்க?” என்றார். “அஞ்சு நிமிஷம்,” என்றேன். மேசையின் மற்றப் பக்கம் பூக்கடையிலிருந்து அப்போதுதான் வந்த இரண்டு மாலைகள் கிடந்தன. அம்மா மூன்றாவது வரிசையில், சுவரோரம், எழும்புவதற்கு வசதியான கதிரையில் இருந்தார். புதுச்சேலை. கையில் சின்னப் பேர்ஸ்.

நான் தொடங்கினேன். “பிஸ்மில்...” வரைக்கும் வந்து, மீதியை இருமலாக மாற்றினேன். சந்தைக்காரர்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு. சிரிப்புக் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஐந்து நிமிடம் பத்தாகியது, பத்து பதினைந்தாகியது. அன்பைப் பற்றிச் சொன்னேன். வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன், மாப்பிள்ளையின் உத்தியோகம் அதுதானே என்று. கடவுள் வரவில்லை, விதி வரவில்லை, நல்ல நேரம் வரவில்லை. எனக்கே என் மேல் பெருமை வந்துவிட்டது. பெருமை வந்த வாய்க்குப் பிரேக் இல்லை.

அம்மாவை முன்னுக்கு அழைக்கிற கட்டம் வந்தது. குரலை உயர்த்தினேன். “கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்தும் தளராமல், விதவை என்ற சொல்லுக்கு அஞ்சாமல், தனியொரு பெண்ணாக நின்று...”

சொல்லி முடிக்கும்போதே மண்டபம் அடங்கிப் போனது காதில் விழுந்தது. ஒரு ஸ்பீக்கர் உள்ளே, இரண்டு வெளியே றோட்டைப் பார்த்து. வாசலில் நின்ற ஓட்டோக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை அந்த ஒரு சொல் தன் கலியாணத்தில் காதில் விழக்கூடாது என்றுதான் ஐயரை விட்டாள், தாலியை விட்டாள், கோயிலை விட்டாள். நான் அதை எடுத்து, மைக்கில் போட்டு, பாண்டிருப்பு முழுக்கக் கேட்க வைத்துவிட்டேன்.

அம்மா எழும்பினார். முன்னுக்கு வருகிறார் என்று நினைத்தேன். குசினிப் பக்கம் போனார்.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நான், “பெண்ணின் தாயார் அவர்கள் மேடைக்கு வரவும்,” என்றேன். வரவில்லை. “இரண்டாவது அழைப்பு,” என்றேன். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய வாய். மூன்றாவது அழைப்பையும் விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் விட்டேன்.

முன்வரிசையிலிருந்து பெண்ணின் பெரியம்மா எழும்பி வந்தார். “தம்பி, அவவ விடுங்கோ. அவ வரவும் மாட்டா, வரவும் கூடாது. மாலைய நான் எடுத்துக் குடுக்கிறன்.”

“அம்மா தராம நான் மாலை போடமாட்டன் பெரியம்மா,” என்றாள் பெண். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெஜிஸ்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அம்மா முக்காலியில் இருந்து, ஏற்கெனவே வெட்டி முடித்த வெள்ளரிக்காய்த் தட்டை இன்னொரு தரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மன்னிச்சுக்கங்க.”

“என்னத்துக்குத் தம்பி? உள்ளதைத்தானே சொன்னீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்.”

“புள்ள உங்களுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சிருக்கு.”

“எனக்குத் தெரியாதா?” அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். “அவளுக்கு இதில நம்பிக்கை இல்ல. நல்லது. எனக்கு இருக்கே தம்பி? நான் தொட்டு எடுத்துக் குடுத்து, நாளைக்கு அந்தப் பொடியனுக்கு ஒண்டு நடந்தா? ஊர் சொல்றதை விடுங்க, ஊருக்கு நான் சந்தையில பதில் குடுப்பன். எனக்கு நான் என்ன சொல்லுவன்?”

இருபது வருடச் சேமிப்பையும் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையும் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அப்போது வாசலில் ரெஜிஸ்தார் வந்து நின்றார், கையில் பேனையோடு. “ரெண்டாவது சாட்சி யாரு? பேர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் உங்கடதைத்தானே எழுதித் தந்திருக்கு?”

அம்மா எழும்பினார். “மகள் சொன்னவள். ஆனா ஐயா, நான் அங்க வந்து...”

“அம்மா, இது கோயில் வேலை இல்ல, கந்தோர் வேலை. எனக்கு இன்னும் ஒரு எழுத்துக் காரைதீவில இருக்கு. அட்டையோட கெதியா வாங்க.”

“கையெழுத்து மட்டும்தானே? மாலை இல்லையே?”

“மாலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? சட்டத்தில மாலையே இல்ல.”

நம்புவீர்களோ தெரியாது, அம்மா கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனார். நான் பதினைந்து நிமிடம் தொண்டை கிழியக் கதைத்து குசினிக்குத் துரத்திய ஆளை, அந்த மனிதர் மூன்று காய்ந்த வசனத்தில் கூட்டிக்கொண்டு போனார். யோசித்தால் அதிசயமில்லை. மனுஷன் போன பிறகு அந்த அம்மா ஏறாத கந்தோர் எது? மாவட்டச் செயலகமான கச்சேரி, வங்கி, கடற்றொழில் அலுவலகம், பொலிஸ். மணவறைப் பக்கம் போகத்தான் அவருக்குக் கால் கூசும். மேசைக்கு முன்னால் நிற்க ஒருநாளும் கூசியதில்லை. பேர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டிய விதத்திலேயே தெரிந்தது.

ரெஜிஸ்தார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஓம் என்றார்கள். சட்டத்தில் உள்ள வார்த்தைகளை, நாங்கள் கரண்ட் பில் வாசிப்பது மாதிரி வாசித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் சாட்சி போட்டார். “எங்க போடணும்?” என்று கேட்டுவிட்டு அம்மா குனிந்து, முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

அவர் நிமிர்வதற்குள் ரெஜிஸ்தார் பதறினார். “ஆ! இந்த மாலைய எடுங்க, எடுங்க! தண்ணி வடிஞ்சு வருது, புத்தகம் நனையப் போகுது!”

பூக்கடைக்காரன் வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீர் மேசையில் கோடாக ஓடிப் புத்தகத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கருவாட்டுக்காரிக்குத் தண்ணீரைக் காட்டினால் போதுமே. வானத்தில் ஒரு துளி விழுந்தால் சந்தையில் முதலில் சாக்கை இழுப்பவர் அவர்தான். நாங்கள் யாரும் அசைவதற்கு முன்னால் இரண்டு மாலையையும் இரண்டு கையாலும் வாரித் தூக்கி, சேலைத் தலைப்பால் மேசையையும் துடைத்துவிட்டார்.

பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

பெரியம்மா மெல்லக் கையை நீட்டினார். “தா, இஞ்ச தா.” அம்மா கொடுக்கப் போனார், பாதியில் நின்றார். ரெஜிஸ்தாரைப் பார்த்தார்.

“ஐயா, எழுத்து முடிஞ்சுதா?”

“ஓம்.”

“எப்ப?”

“நீங்க கையெழுத்து வெச்ச உடனே.”

“அப்ப இவங்க ரெண்டு பேரும் இப்பவே புருஷன் பொஞ்சாதியா? மாலை போடாமலே?”

“போடாமலே.”

“இனி நான் இதைத் தொட்டதால ஒண்டும்...”

ரெஜிஸ்தார் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, புத்தகத்தில எழுதினது எழுதினதுதான். நீங்க தொட்டாலும் மாறாது, தொடாட்டியும் மாறாது. அதை மாத்துறதெண்டா கோட்டுக்குத்தான் போகணும்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கடைசி வரிசைக்கு இதெல்லாம் எப்படிக் கேட்டது என்று திரும்பிப் பார்த்தேன். நான் மேசையில் வைத்துவிட்டு ஓடிய மைக், சிவப்பு வெளிச்சத்தோடு அப்படியே கிடந்தது. அம்மாவின் கேள்வியையும் ரெஜிஸ்தாரின் பதிலையும் அது ஒன்று விடாமல் றோட்டு வரைக்கும் சொல்லியிருந்தது. அன்றைக்கு என்னால் நடந்த ஒரே நல்ல காரியம், அதை நிறுத்த மறந்ததுதான்.

அம்மா மகளைப் பார்த்தார். ஒரு மாலையை நீட்டினார். மற்றதை மருமகனிடம் நீட்டினார். மாலை மாற்றினார்கள். பின்னாலிருந்து நாவிதன்வெளிப் பெண்களில் ஒருத்தி குரவை போட்டாள். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். எங்கள் பெண்களுக்கும் அவர்கள் பெண்களுக்கும் குரவை ஒன்றுதான். மகளின் தலைமயிர் மாலையில் சிக்கியிருந்தது. அம்மா அதை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டார். ரெஜிஸ்தாருக்குக் காரைதீவுக்குப் போக நேரம் சுணங்கியது. ஆனாலும் அவர் மை காய்கிறதா என்று பார்ப்பது போலப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே அவரை ஓட்டோவில் ஏற்றும்போது கேட்டேன். “சேர், அந்தத் தண்ணி உண்மையாவே புத்தகத்துக்குக் கிட்ட வந்துதா?”

“புத்தகம் நனைஞ்சா என்ட வேலை போகும்,” என்றார். ஓட்டோக்காரனைக் கிளப்பச் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்துக் கருவாடு வாங்கச் சந்தைக்குப் போனேன். அம்மா தன் இடத்தில் இருந்து, வேறோர் ஊர்ப் பெண்ணுக்குக் கலியாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முதுகுப் பக்கம் நின்றேன்.

“ஐயர் இல்லாட்டி யாரு நடத்தின?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ரெஜிஸ்தார்தான். தங்கமான மனுஷன். மற்றது, மைக் பிடிச்சுக்கொண்டு ஒரு நாநா நெடுகக் கதைச்சார்.”

“என்ன கதைச்சார்?”

“ஆருக்குத் தெரியும்? வாய்க்கால் எண்டார். நல்ல மனுஷன்தான், பாவம், வாய்தான் மூடாது. நீ அதைக் கேக்காத, இதைக் கேளு. மாலை மேசையில கிடக்குது. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்காங்க. நான் ஒருத்தரையும் கேக்கல்ல, எட்டி எடுத்தன்...”

அந்த ‘எடுத்தன்’ சந்தை முழுக்கக் கேட்டது. நான் செருமவில்லை. அந்த மாலை மகளின் கழுத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அப்படியே நின்று கேட்டேன்.